ஒத்திகையில் பத்துப் பேர்

எனக்கு முன்கோபம் அதிகம். பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு என் குரலே சொல்லிவிடும். இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் அன்று நடந்ததில் பாதி அந்தக் கோபத்தால் வந்தது. மறுபாதி என் நல்ல மனசால் வந்தது. இன்றைக்கும் உறுத்துவது அந்த மறுபாதிதான்.

புக்கிட் பெலிம்பிங்கைத் தாண்டி, மூன்று பக்கமும் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம் சூழ்ந்த சின்னத் தமிழ்ப்பள்ளி எங்களுடையது. என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் பத்துப் பிள்ளைகள். பதினோராவதாக அவள் வந்தாள். ஆட்டிசம் உள்ள பிள்ளை. சிறப்பு வகுப்பு இருக்கும் பள்ளி தொலைவில் இருந்ததால், மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்தே படிக்கட்டும் என்று இங்கே சேர்த்தார்கள். உதவிக்கு ஓர் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அனுப்பவில்லை.

அவளுடைய அம்மா கோலசிலாங்கூரில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்பவர். முதல் நாள் வகுப்பு வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னார்.

"டீச்சர், பெரிய சத்தம் கேட்டா மத்த பிள்ளைங்க வெளிய ஓடும். இவ உள்ளுக்குப் போயி ஒளிஞ்சுக்குவா. கூப்பிட்டாலும் வரமாட்டா. அத மட்டும் மறந்துறாதீங்க."

நான் மறக்கவில்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

தீ ஒத்திகை வந்தது. சைரன் அடித்ததும் அவள் என் மேசைக்கு அடியில் புகுந்து, காதைப் பொத்திக்கொண்டு, மூச்சு முட்ட அழுதாள். பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்த முறையிலிருந்து ஒத்திகைக்குக் கால் மணி நேரம் முன்பே அவளை வாசலில் இருக்கும் ஜாகா அண்ணனின் காவல் கொட்டகைக்குக் கூட்டிப்போய், காதுக்கு மூடி மாட்டி, கையில் வண்ணப் பென்சில் கொடுத்து உட்காரவைத்துவிடுவேன். எல்லாம் முடிந்ததும் போய் அழைத்துவருவேன். மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி இதைப் பார்த்துவிட்டு, மற்றப் பள்ளிகளும் இப்படிச் செய்யலாமே என்றார். அன்று வீட்டுக்குக் கால் தரையில் படாமல்தான் போனேன்.

ஒத்திகையில் என் சட்டம் கடுமையானது. வரிசையில் ஒரு பிள்ளை வாய் திறக்கக்கூடாது. திடலில் நிறுத்தித் தலை எண்ணுவேன். பத்து. கையை உயர்த்தி, எல்லாரும் இருக்கிறார்கள் என்பேன். தலைமையாசிரியர் குறித்துக்கொள்வார். ஒவ்வொரு ஒத்திகையிலும் அதே பத்து.

மழையில்லாத மாதம் அது. செம்பனைக்கு அப்பால் எங்கோ காய்ந்த சதுப்பு மண் தீப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. வானம் நாள் முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடந்தது. எங்களுடையது பழைய பலகைக் கட்டடம். என் வகுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் சாமான் அறை, அதில் மின்சாரப் பெட்டி. இரண்டு நாளாக அவள் அந்தச் சுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் காதைப் பொத்தினாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஒன்றும் இல்லைலா, சும்மா உட்காரு என்று அதட்டினேன்.

மூன்றாம் நாள், கணிதப் பாடத்தின் நடுவில் சைரன் அடித்தது. ஒத்திகை என்று என்னிடம் யாரும் சொல்லவில்லையே என்று எரிச்சல் வந்தது. அடுத்த நொடி கருகல் வாசனை. பிள்ளைகள் பழகியபடி எழுந்து வரிசையில் நின்றார்கள். அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் சிறுமி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "டீச்சர்" என்றாள். வாயை மூடிக்கொண்டு நட என்றேன்.

திடலில் எண்ணினேன். பத்து. கையை உயர்த்தினேன். தலைமையாசிரியர் குறித்துக்கொண்டார்.

பிறகு, எப்போதும்போல, அவளை அழைத்துவரக் காவல் கொட்டகையைப் பார்த்தேன். ஜாகா அண்ணன் வெளியே நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நாற்காலி காலியாக இருந்தது.

அந்தச் சிறுமி அப்போதும் என் சட்டையை விடவில்லை.

"மேசைக்கு அடியில இருக்கா டீச்சர். நான் கூப்பிட்டேன், வரல. சொல்ல வந்தேன். நீங்க பேசக்கூடாதுன்னு சொன்னீங்க."

சைரனை நிறுத்தச் சொல்லி அண்ணனைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினேன். வகுப்பில் புகை கூரையிலிருந்து இறங்கி ஜன்னல் மேல்விளிம்பைத் தொட்டிருந்தது. பலகைச் சுவர் கைவைக்க முடியாமல் சுட்டது. அவள் மேசையின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். இழுத்தேன், இன்னும் இறுக்கினாள். கோபம் தலைக்கேறியது, கத்த வாயெடுத்தேன். கத்தினால் இவள் வரவே மாட்டாள் என்று அப்போதுதான் உறைத்தது. தவழ்ந்து உள்ளே போய், என் இரண்டு உள்ளங்கையாலும் அவள் காதுகளை மூடினேன். சைரன் நின்றது. சுவருக்குள் பலகை வெடிக்கும் சத்தம் எனக்கே கேட்டது. எத்தனை நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. அவள் பிடி தளர்ந்ததும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் சாமான் அறை போய்விட்டது. என் வகுப்பில் பாதியும் போயிற்று.

அவளுடைய அம்மா கடைச் சீருடையிலேயே வந்தார். பிள்ளை இருமிக்கொண்டே அவர் மடியில் கிடந்தாள். மறைத்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. ஆனால் சொன்னேன்: பத்து என்று எண்ணிக் கையைத் தூக்கிவிட்டேன், உங்கள் மகளை நான் எண்ணவே இல்லை என்று. திட்டுவார், அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"நீங்க மட்டுமா டீச்சர். கல்யாண வீட்டுல எத்தன பேரு வர்றீங்கன்னு கேட்டா, நானே மூணுன்னுதான் சொல்றேன். நாங்க நாலு பேரு."

அதற்குப் பிறகு, எங்களை மாற்றிய வகுப்பறையில் தினமும் கைப்பேசியில் சைரன் சத்தத்தை மெல்லிசாக வைத்து, அவளோடு கதவுவரை நடந்தேன். பிறகு தாழ்வாரம்வரை. பிறகு திடல்வரை. அடுத்த ஒத்திகை நாளில் காதுமூடியோடு வரிசையின் முன்னால் நின்றாள். ஒரு கை என் கையில், மறு கை பக்கத்து இருக்கைச் சிறுமியின் கையில். சைரன் ஓயும்வரை அலறினாள். பழையபடி கொட்டகையிலேயே விட்டிருக்கலாமே, பாவம் பிள்ளை என்று தலைமையாசிரியர் முகம் சுளித்தார்.

அலறட்டும் என்றேன். அவர் முன்னாலேயே ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். பத்தோடு நிறுத்தப் போன நாக்கைக் கடித்துக்கொண்டு, அவள் தலையையும் தொட்டு, பதினொன்று என்றேன்.