பதினோராவது மணியில் ஒரு கல்

இறுக்கிய நட்டையே மறுபடி தளர்த்தி, மறுபடி இறுக்குகிறார். பிறகு அதன் குறுக்கே மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுக்கிறார். நட்டு நகர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கோடு காய்வதற்குள் அதையும் எட்டிப் பார்க்கிறார். "இன்னொரு தரம் பாத்துடுறேன்" என்று மூச்சுக்கு மூச்சு சொல்வதால், பட்டறையில் அவருக்குப் பெயரே 'இன்னொருதரம்' ஆகிவிட்டது. பெற்றோர் வைத்த பெயரை வருகைப் பதிவேட்டில்தான் பார்க்க முடியும்.

பன்னிரண்டு மணி நேரம், இருபத்துநான்கு மணி நேரம் என்று நிற்காமல் ஓடும் கார்ப் பந்தயங்களுக்கு வண்டி தயார் செய்யும் தலைமை மெக்கானிக் அவர். வேகமாக ஓட வைப்பது பெரிய விஷயமில்லை என்பார். கடைசிவரை ஓட வைப்பதுதான் அவர் வேலை. ஐம்பது வயது, இடது காதில் பஞ்சு, பேச்சில் மகா கஞ்சம். வீட்டிலும் இதே கதைதான். அடுப்பை அணைத்துவிட்டுப் படி இறங்கியவர் பாதியில் திரும்பி ஏறுவார். மனைவி வாசலிலேயே மறித்துக்கொள்வார்.

"நானும் பாத்துட்டேன், அடுப்பும் உங்களப் பாத்துருச்சு. கெளம்புங்க."

இப்படிப்பட்டவருடைய வண்டிதான் போன ஞாயிறு, பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்தில், மூன்றாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, பதினோராவது மணியில் நின்றது. முன்னால் போன வண்டியின் சக்கரம் கிளப்பிய பட்டாணி அளவுக் கல் ஒன்று முகப்புக் கம்பிவலைக்குள் புகுந்து ரேடியேட்டரைத் துளைத்துவிட்டது. தண்ணீர் வடிந்தது, என்ஜின் சூடேறி இறுகி நின்றுவிட்டது. அவ்வளவுதான்.

"கல்லெல்லாம் நம்ம கையிலயா இருக்கு மச்சான்? கெட்ட நேரம், விடுங்க" என்றார் வண்டி ஓட்டியவர். அவர் இவருடைய தங்கை கணவர்.

எங்கே விடுவது? மனுஷருக்கு அங்கேதான் குழப்பம் பிடித்தது. அதற்கு முந்தைய பந்தயத்தில் மாட்டியிருந்தது சின்னக் கண் வலை. டயர்த் துகளும் புல்லும் அதை அடைத்து, காற்றுப் போகாமல் என்ஜின் கொதித்து நின்றது. கோளாறு, தன் பொறுப்பு என்று ஒத்துக்கொண்டார். அதனால் இந்த முறை பெரிய கண்ணாகப் பார்த்து மாட்டினார். கல் புகுந்தது. சின்னதாக மாட்டினால் சூடு, பெரிதாக மாட்டினால் கல். அதே பாதையில் முப்பது வண்டிகள் ஓடின, பாதிக்கு மேல் இதே மாதிரி வலைதான், ஒன்றில்கூடப் படவில்லை. அப்படியானால் கெட்ட நேரம்தானே? ஆனால் பந்தயப் பாதையில் கல் துள்ளும் என்று தெரியாத மெக்கானிக் உண்டா?

சாப்பிட உட்கார்ந்தவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கல்லுக்கு உங்கமேல என்னங்க கோவம்?" என்றார் மனைவி.

"அதான் தெரியல" என்று நிஜமாகவே பதில் சொன்னார்.

ஆற அமர யோசிக்கவும் வழியில்லை. அணியின் முதலாளி ஒரு படிவம் வைத்திருக்கிறார். 'வண்டி நின்ற காரணம்' என்பதற்குக் கோளாறு, துரதிர்ஷ்டம் என்று இரண்டே கட்டம். முந்தைய பந்தயத்துக்கு ஒரு கோளாறு ஏற்கெனவே விழுந்தாயிற்று. அடுத்தடுத்து இரண்டு விழுந்தால், அடுத்த மாதம் வரும் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்துக்கு வேறு மெக்கானிக். அந்தப் பந்தயத்தில் ஒரே ஒரு தடவையாவது வண்டியைக் கடைசிக் கோட்டைத் தாண்ட வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய இருபது வருஷத்து ஆசை.

திங்கட்கிழமை காலை முதலாளி கூப்பிட்டனுப்பினார். துரதிர்ஷ்டத்துக்கு நேரே டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது. வண்டி ஓட்டிய தங்கை மாப்பிள்ளை முந்திக்கொண்டு வந்து பேசியிருக்கிறார்.

"கையெழுத்து மட்டும் போடுங்க. அடுத்த மாசமும் நீங்கதான்."

"அப்ப என் தப்பு இல்லைங்கறீங்களா?"

"கல்லுங்க அது! யாரு என்ன பண்ண முடியும்?"

"அதான் எனக்கும் புரியல."

கையெழுத்துப் போட்டார். முதலாளி சிரித்துக்கொண்டே படிவத்தை இழுத்தார். வரவில்லை. அதன் ஓரத்தை இவருடைய கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தது. அப்படியே குனிந்து, கையெழுத்துக்குக் கீழே, இடமே இல்லாத இடத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்து, முதலாளி படிக்கிற பக்கமாகத் திருப்பி வைத்தார்:

'வலைக்கண் பெரிது. மாட்டியவன் நான்.'