முன்னறைக் கட்டில்

தம்பியை நெஞ்சுவலியென்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் போன் வந்ததும் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலுக்கு ரயிலேறினேன். ஸ்டேஷனுக்கு வந்த அவன் சிநேகிதன் தாஸ், "வீடு பூட்டியிருக்குக்கா" என்று நேரே ஒரு லாட்ஜுக்கு அழைத்துப் போனான். கட்டிலில் கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பு. அந்த வாசனை என்னை எங்கள் பழைய லாட்ஜில் கொண்டுபோய் நிறுத்தியது.

இதே ஸ்டேஷனுக்கு எதிரே அம்மா நடத்திய லாட்ஜ் அது. முன்னறையில் மட்டும் ஸ்பிரிங் கட்டில், இலவம்பஞ்சு மெத்தை. என்னை அதில் படுக்கவிட்டதே இல்லை. சுரங்கத்தில் பாறை சரிந்து யாராவது செத்தால், தந்தி கிடைத்து வேலூர்ப் பக்கமிருந்து ஓடிவரும் வீட்டாருக்கான அறை அது. அடிபட்டிருப்பதாக மட்டும்தான் தந்தி சொல்லும். அம்மா வெந்நீர் விளாவிக் கொடுத்து, கறிக்குழம்போடு சோறு போடுவாள். சாப்பிட்டு முடிக்கும்வரை வாயே திறக்க மாட்டாள்.

"சேதி தெரிஞ்சா சோறு எறங்குமா? மொதல்ல துன்னட்டும்" என்பாள்.

ஒருமுறை, மடியில் கைக்குழந்தையோடு ஒரு பெண், "இன்னா ருசிக்கா! இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று சிரித்தாள். அம்மா ஊற்றிய குழம்பு இலைக்கு வெளியே தரையில் சிந்தியது.

நான் குளித்து வருவதற்குள் தாஸ் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தான்.

"மொதல்ல சாப்டுங்கக்கா. ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போலாம்."

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். எனக்குப் புரிந்துவிட்டது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு விள்ளலாக மென்றேன். இலை காலியானது.

"இன்னும் ரெண்டு வாங்கினு வாப்பா" என்றேன்.