காம்பியக் கதையில் நான் நீக்கிய வரி

காம்பியா என்னும் நாட்டில் எழுத்தாளர் மூவர் இருக்கின்றனர் என்பதை இரங்கூனில் முதலில் அறிந்தவர் என் நண்பரே. அவர் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர்; பாதிரிமார் பள்ளியில் ஆங்கிலம் பயின்ற கிறித்தவத் தமிழர். அறுபதுகளின் நடுப்பகுதி அது. அயல்நாட்டார் நடத்திய நூலகம் ஒன்று மூடப்படவிருந்தது. இரவல் சென்ற நூல்களையெல்லாம் இரு வாரத்திற்குள் திருப்பித் தருமாறு அறிவித்திருந்தார்கள். அந்த இரு வாரத்திற்கென்று அவர் எடுத்துவந்த மெல்லிய தொகுப்பில்தான் அம்மூவரும் இருந்தனர்.

ஓர் ஆறும் அதன் இரு கரைகளுமே நாடு. அது விடுதலை பெற்று நெடுநாள் ஆகவில்லை. மூவரில் ஒருவர் சுங்க அலுவலர்; நிலக்கடலை மூட்டைகளைப் பற்றிச் செய்யுள் எழுதியிருந்தார். இன்னொருவர் செய்தித்தாள்காரர், அவருடைய கட்டுரைகளில் சினம் மிகுதி. மூன்றாமவர் பள்ளி ஆசிரியை. படகோட்டும் பெண்ணொருத்தி கரையில் அமர்ந்து, ஆற்றோடு போன தன் கணவனைப் பற்றி ஊராருக்குச் சொல்வதாக அவர் எழுதிய கதை என்னைக் கட்டிப்போட்டது.

இரங்கூனின் பபேடான் பகுதியில், மருந்துக் கடையொன்றின் மாடியில், நாங்கள் சிலர் கூடிக் கையெழுத்து இதழ் ஒன்று நடத்திவந்தோம். இதழுக்கு ஒரே படிதான். அது வீடு வீடாகச் சென்று, ஒன்பது குடும்பங்கள் படித்தபின் மாடிக்குத் திரும்பும். அவ்விதழுக்காக அக்கதையைத் தமிழாக்கினேன். நூலைக் கெடுநாளன்றே திருப்பித் தந்துவிட்டோம்.

மறுநாள் மாலை என் தமிழாக்கத்தை நண்பர் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, கரையில உக்காந்திருந்தவங்க எல்லாம் எங்க போனாங்க?"

"யாரு?"

"அந்தப் பொம்பள சொல்லச் சொல்ல, 'கேக்குறோம், சொல்லு' 'கேக்குறோம், சொல்லு'ன்னுக்கிட்டே இருந்தாங்களே, அவங்கதான். ஒருத்தரையும் காணோமே. அவங்களும் ஆத்தோட போயிட்டாங்களா?"

"ஒரே வரி பக்கத்துக்குப் பக்கம் வருது. சொன்னதையே சொல்றது நடைக்குக் குத்தம். அதான் எடுத்துட்டேன்."

"நல்லா எடுத்தீங்க! எங்க கோயில்ல ஆமென் கூடத்தான் திரும்பத் திரும்ப வருது. உங்க கையில குடுத்தா அதையும் அடிச்சிருவீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அன்று உறக்கம் சரியாக வரவில்லை. அப்பெண் தனியே அழவில்லை, ஊரே உடனிருந்தது என்பதன்றோ அக்கதை? நான் கற்ற நெறியைக் காத்து, அவளைக் கரையில் தனியளாக விட்டிருந்தேன்.

காலையில் நூலகத்திற்கு விரைந்தேன். கதவில் பூட்டுத் தொங்கியது. வாயிற்காவலரான பர்மியர் என்னை அறிந்தவர். "ஸயா, எல்லாம் பெட்டியில கட்டி லாரியில போயிடுச்சு. எங்கன்னு எனக்குச் சொல்லல" என்றார், அந்த வட்டாரத்தில் பழகிக்கொண்ட தமிழில். படிப்பவர் எவராயினும் அவருக்கு ஸயாதான், ஆசிரியர்தான்.

நீக்கிய வரி நினைவிலிருந்தது. அது வந்த இடங்கள் நினைவிலில்லை. நண்பரும் நானும் தனித்தனியே எண்ணிப் பார்த்து ஒப்பிட்டோம். இரண்டே இடங்களில் ஒத்துப்போனோம்.

"மிச்சத்தக் குத்துமதிப்பாப் போட்டு விடுங்க ஐயா. இங்க யாருக்குத் தெரியப்போவுது?"

"எழுதின அம்மாவுக்குத் தெரியும்."

"அந்தம்மா பபேடானுக்கு வந்து படிக்கப்போறாங்களாக்கும்!" என்றார். எனினும் மறுபடி வற்புறுத்தவில்லை.

அவ்விரண்டு இடங்களிலும் வரியை எழுதினேன். ஐயமுற்ற இடங்களிலெல்லாம் ஒரு வரியளவு வெற்றிடம் விட்டேன். கதையின் தலைப்பின்கீழ்க் குறிப்பொன்று சேர்த்தேன்: 'இவ்வெற்றிடங்களுள் சிலவற்றில் ஊரார் மறுமொழி கூறினர். எவற்றில் என்பதை நான் என் பிழையால் இழந்தேன். பொறுத்தருள்க.' இதழ் புறப்பட்டது.

ஐந்து வாரங்கள் கழித்து அது லத்தாப் பகுதியிலுள்ள கடைசி வீட்டிலிருந்து திரும்பியது. இதழில் எவரும் எதுவும் எழுதலாகாது என்பது எங்கள் விதி. அட்டையிலேயே அதைப் பொறித்திருந்தோம். பிரித்த நண்பர் வாயைத் திறந்தபடி என்னிடம் நீட்டினார். வெற்றிடங்கள் நிரம்பியிருந்தன. எல்லாம் பென்சில் எழுத்து, வெவ்வேறு கைகள். 'ம், அப்புறம்?' என்று ஒன்று. 'அழாதே தாயீ, சொல்லு' என்று ஒன்று. பர்மிய எழுத்தில் ஒன்று. தமிழ் பேசினாலும் எழுதப் பழகாத எவரோ எழுதியது. கணவன் படகு கவிழும் இடத்தில், ஒருவர் எழுதி, அடித்துவிட்டு, 'நாங்க இருக்கோம்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

"அழிச்சிரட்டுமா ஐயா?" நண்பர் ரப்பரைக் கையில் எடுத்துவிட்டார். "விதின்னா விதிதானே."

"வையுங்க அதை."

அந்த ஆசிரியை எழுதிய கதை இதுவன்று. அதை இனி நான் தர இயலாது. ஆயினும் படகுக்காரியைச் சுற்றி ஆட்கள் வந்து அமர்ந்திருந்தனர். பேனாவை எடுத்துக் கதையின் முதற்பக்கத்திற்குத் திருப்பினேன். 'தமிழாக்கம்' என்பதன்கீழ் என் பெயர் மட்டும் இருந்தது. அதனருகே 'மற்றும் ஒன்பது வீட்டார்' என்று எழுதி, மை உலரும்வரை பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தேன்.