பெங்களூரில் வாங்காத பேகல்

என் கையில் மாவு இன்னும் காயவில்லை. நகக்கண்ணில் எள் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையாலேயே தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். என் வீட்டுக்காரர் தன் பிளான்ட் மேனேஜரைப் பார்த்து, என் எதிரிலேயே, "பெங்களூர்ல வாங்கியாந்தேன் சார். இவ சும்மா சூடு பண்ணா, அவ்ளோதான்" என்றார்.

சும்மா சூடு பண்ணினேனாம். அந்தச் 'சும்மா'வை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பேகல் என்றால் நடுவில் ஓட்டை வைத்த ரொட்டி. பார்க்கப் பெரிய மெதுவடை மாதிரி இருக்கும், எண்ணெய் மட்டும் கிடையாது. மைதாவை ஈஸ்ட் போட்டுப் பிசைந்து, பொங்கவிட்டு, வளையமாக்கி, முதலில் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, அப்புறம்தான் ஓவனில் சுட வேண்டும். பெங்களூர் மால் ஒன்றில் முதன்முதலாக அதைத் தின்றபோது, இந்த விலைக்கு இவ்வளவு சப்பென்று ஒரு பண்டமா என்று கோபம்தான் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் அந்த வேலையை நானே செய்து பார்த்துவிடுவேன்.

கல்யாணத்துக்கு முன்னால் போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் இருந்தேன். லைனில் வருவதைப் பார்த்து ஓகே, ரீவொர்க், ரிஜெக்ட் என்று பிரிக்கிற வேலை. வேலையை விட்டாலும் அந்தக் கண் என்னை விடவில்லை. முதல் தடவை, ஓசூர் மார்கழிக் குளிரில் மாவு அசையவே இல்லை. இட்லி மாவே புளிக்காத குளிரில் ஈஸ்ட் மட்டும் என்ன செய்யும்? ரிஜெக்ட். அடுத்த தடவை பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி இன்வெர்ட்டர் மேல் வைத்தேன். பொங்கியது. ஆனால் வளையங்களைத் தண்ணீரில் போட மனம் வரவில்லை. பச்சை மாவு கரைந்துவிடாதா? நமக்குத் தெரிந்தது ஆவிதானே என்று இட்லிப் பானையில் வைத்தேன். கொழுக்கட்டை மாதிரி வழவழவென்று வந்தது. அதுவும் ரிஜெக்ட். கடைசியில் துணிந்து, வெல்லம் கரைத்த கொதிநீரில் போட்டேன். கரையவில்லை, மிதந்தது. ஒரு பக்கத்துக்கு முக்கால் நிமிஷம். சுட்டெடுத்தபோது மேலே பளபளவென்று தோல், உள்ளே பல்லுக்கு வேலை கொடுக்கிற சதை.

அப்புறம் ருசியில் இறங்கினேன். ஒன்றில் பூண்டும் கொத்தமல்லியும். ஒன்றில் எள்ளும் இடித்த காய்ந்த மிளகாயும். காவேரிப்பட்டினத்திலிருந்து அக்கா கொடுத்தனுப்பிய, டின்னில் அடைத்த மாம்பழக் கூழை ஏலக்காயோடு சேர்த்து இன்னொன்று. கூழின் ஈரத்தில் மாவு கையோடு வந்துவிட்டது. தண்ணீரை எவ்வளவு குறைப்பது என்று பிடிபடவே நாலு நாள் ஆனது. மொத்தம் ஆறு வாரம். ஆறு வாரமும் சமையலறை வாசலில் நின்று பார்த்தவர்தான் இந்த மனுஷர். ரிஜெக்ட் ஆனதையெல்லாம் டீயில் தோய்த்துத் தின்றவரும் இவரேதான்.

மேனேஜரும் அவர் மனைவியும் பெங்களூர்க்காரர்கள். அந்த அம்மா எள்ளு பேகலைக் கடித்துவிட்டு நிமிர்ந்தார். "இது எல்லி... எங்க வாங்கினீங்க? நான் அங்கயே இருக்கேன், இப்படி ஒண்ணு சாப்பிட்டதே இல்லையே."

"கோரமங்களா பக்கம், மேடம்" என்றார் இவர், கண்ணிமைக்காமல்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். என்மேல் எனக்கே இருக்கிற கோபம் இதுதான். வந்தவர்கள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று யாரோ என் தலைக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் கார் திரும்பியதும் கேட்டேன், "ஏங்க, நான் செஞ்சேன்னு சொன்னா உங்க வாயில முத்து உதுந்துடுமா?"

"வீட்ல செஞ்சதுன்னா சாதாரணமா நெனப்பாங்க. பெங்களூர்னா ஒரு மரியாதை இருக்குது இல்ல?"

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். எங்கள் ஊருக்கு அக்கரை, எல்லை தாண்டியதும் வருகிற அத்திப்பள்ளியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. நல்ல டாக்டரா, பெங்களூர். நல்ல புடவையா, பெங்களூர். இங்கே விளைகிற ரோஜா விடியலில் வண்டியேறி அங்கே போய், செலோபேனில் சுற்றிக்கொண்டு பெங்களூர் ரோஜாவாகத் திரும்பி வரும். ரோஜாவுக்கு வாயில்லை. எனக்கு இருக்கிறது. இருந்தும் அன்றைக்குத் தலையாட்டினேனே.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை மேனேஜர் மனைவி இவருக்கு போன் செய்தார். கோரமங்களா முழுக்கத் தேடியும் அந்தக் கடை கிடைக்கவில்லையாம். நாளைக்குத் தங்கை வருகிறாளாம், ஒரு டஜன் வாங்கித் தர முடியுமா என்று கேட்டாராம். இவர் நேராகச் சமையலறைக்கு வந்தார். "ஒரு டஜன் போட்டுக் குடு. பேர் போடாத கேக் டப்பா ஒண்ணு வாங்கியாறேன், அதுல வெச்சிடலாம்."

"பெங்களூர் கடையில வாங்குனதுதானே? போயி அங்கயே வாங்கியாங்க."

கெஞ்சினார். கத்தினார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தேன். வீம்புக்கு பைக்கை எடுத்துக்கொண்டு போய், மூன்று கடை ஏறி, மத்தியானம் பன்னிரண்டு பேகலோடு வந்து நின்றார். ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அமுங்கிய குழி அமுங்கியபடியே இருந்தது. "ரிஜெக்ட்" என்றேன். இன்னொன்று. அதுவும் ரிஜெக்ட்.

அவரே ஒன்றைக் கடித்துப் பார்த்தார். கீழே வைத்தார். அப்புறம் போனை எடுத்து மேனேஜர் வீட்டு நம்பரை அழுத்தினார். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நம்பினேன். 'அவதான் செஞ்சா.' நான் கேட்டது அந்த ரெண்டு வார்த்தைதான்.

"மேடம், அந்தக் கடைய மூடிட்டாங்க மேடம். ஓனர் சொந்த ஊருக்கே போயிட்டாராம்."

போயிட்டாராம்! என் ஆறு வாரத்துக்கு ஓனர் ஒரு ஆம்பளை. அவனையும் ஊருக்கு அனுப்பியாயிற்று. என்னை இல்லாமல் ஆக்க இவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. போனைப் பிடுங்கினேன்.

"மூடல மேடம். கடை ஓசூர்லதான் இருக்குது. அன்னைக்கு நீங்க உக்காந்து சாப்பிட்டீங்களே, அதே வீடு. ஓனர்தான் பேசறேன். நானும் அன்னைக்குத் தலையாட்டிட்டேன், அது என் தப்பு."

இவர் முகம் சுண்டிப்போயிருந்தது. அந்த அம்மா சிரிக்கப் போகிறாரா, திட்டப் போகிறாரா என்று எனக்கும் தெரியவில்லை.

"நானும் வீட்ல நாலு தடவை போட்டுப் பாத்தேன்மா" என்றார் அவர், மெதுவாக. "மேல அந்தப் பளபளப்பு வரவே இல்ல. தண்ணில என்ன போடறீங்க?"

"வெல்லம்" என்றேன்.

போனை வைத்ததும் இவர் பக்கத்தில் வந்து, "என்னா கேட்டாங்க?" என்றார். "தண்ணில என்ன போடறேன்னு கேட்டாங்க" என்றேன். ஆறு வாரம் வாசலில் நின்று பார்த்தும், இந்த மனுஷர் ஒருநாள்கூட என்னைக் கேட்காத கேள்வி அது.