பெல்ட்டைத் தின்ற குட்டி

கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில், கடலோரக் குப்பத்தில் எங்கள் வீடு. அண்ணன், அண்ணி, நான் என்று மூன்றே பேர். அண்ணன் கட்டுமரத்தில் போய் மீன் கொண்டுவருவார். அண்ணி அதைக் கீறி, உப்புப் போட்டுக் கருவாடாக்குவார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்ட நான், அண்ணியோடு மீன் கீறுவேன். மிச்ச நேரத்தில் இரண்டு பேரையும் சீண்டுவேன். அண்ணியின் சீப்பை ஒளித்துவைத்துவிட்டு, அவர் விரித்த தலையோடு வீட்டைச் சுற்றி வருவதைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் ஆலம்பரைக் கோட்டை இடிபாட்டில் தனியாகக் கத்திக்கொண்டிருந்த நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கிவந்தேன். செவலை நிறம், காது மட்டும் கறுப்பு. வந்த நாளிலிருந்து அதன் வாய் சும்மா இருக்கவில்லை. சீப்பில் பாதிப் பல் போனது. பாயில் ஒரு முழம் போனது. கடித்துத் துப்பினாலாவது பரவாயில்லை, விழுங்கிவிடும்.

அண்ணி மிளகாயை அரைத்துப் பாயின் ஓரத்தில் தடவினார். குட்டி நக்கித் தும்மியது. தும்மிவிட்டு மறுபடி நக்கியது. அடுத்து வேப்பெண்ணெய் தடவினோம். குட்டி அசரவில்லை. அந்தப் பாயில் படுத்த அண்ணன்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடினார்.

ஒருநாள் காலை அண்ணனுடைய அகலமான தோல் பெல்ட்டில் இரண்டு விரல் அகலத்துக்குக் காணோம். குட்டி எதுவும் தின்னாமல் மூலையில் சுருண்டு கிடந்தது. அண்ணி அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார். உச்சி வெயிலில் தோல் துண்டை வாந்தியெடுத்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அண்ணன் மிச்சப் பெல்ட்டை ஆணியில் மாட்டினார்.

"நாளைக்கு செங்கல்பட்டு போறேன். அங்க ஒரு அரிசி மில்லுல காவலுக்கு நாய் கேட்டுகினு கீறாங்க. இத்த குட்த்துட்டு வந்துர்றேன்."

"அண்ணாத்த, வாணாம் அண்ணாத்த. இனிமே கடிக்காது."

"போடா. இன்னிக்கி வாந்தி எட்த்துச்சி, பொழச்சுது. நாளைக்கி தொண்டையில மாட்டிகினா? உன் கண்ணு முன்னாடியே சாவணுமா?"

குட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணி என்னையே பார்த்தார்.

"தம்பி, பெல்ட்டு ஆணியில தானே தொங்கினு இருந்திச்சி? கீழ எப்படி வந்திச்சி?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"மேல இன்னா கீது? இங்க பாரு. நீதானே ஒளிச்சு வெச்ச?"

இல்லை என்று எத்தனையோ தடவை கூசாமல் சொன்னவன் நான். இப்போது இல்லை என்றால் குட்டி செங்கல்பட்டுக்குப் போய்விடும்.

"ஆமா அண்ணி. விறகு சந்துல சொருவி வெச்சேன். சீப்பும் நான்தான்."

"மீன் கீறுன கையோட?"

"கழுவுறதுக்குள்ள நீங்க வந்துடுவீங்களே!"

"பாயில கை தொடைக்கிறதும் நீதான்." அண்ணி எழுந்துபோய்ப் பழந்துணி இரண்டு எடுத்துவந்தார். ஒன்றை என் கையில் கசக்கச் சொன்னார். இரண்டையும் தரையில் போட்டார். குட்டி அவர் துணியை மிதித்துக்கொண்டு வந்து என்னுடையதைக் கவ்வியது. அண்ணி சட்டென்று பிடுங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா? மீன் வாடைக்குத்தான் கடிக்குது. அது மேல தப்பு இல்ல."

அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப மில்லுல உன்னத்தான் கொண்டுபோயி வுடணும்."

"சோறு போடுவாங்களா அண்ணாத்த?"

"போடுவாங்க. கொலைக்கத் தெரியுமா?"

நான் குலைத்துக் காட்டினேன். குட்டி மிரண்டு அண்ணியின் பின்னால் ஒளிந்தது. அண்ணன் சிரித்துவிட்டார்.

அண்ணி சட்டம் போட்டார். புளியும் சாம்பலும் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவாமல் வீட்டுக்குள் வரக்கூடாது. எந்தச் சாமானும் ஆணியை விட்டு இறங்கக்கூடாது. கடிப்பதற்கு ஒரு பெரிய பனங்கொட்டை; எவ்வளவு வாயைத் திறந்தாலும் அது உள்ளே போகாது. கழுவுவதற்கு முன்னால் என் மீன் கையை அதில் நன்றாகத் தேய்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

மறுநாள் அண்ணன் தனியாகவே செங்கல்பட்டுக்குப் போனார்.

அன்று மாலை கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். குட்டி ஓடிவந்து என் உள்ளங்கையை முகர்ந்தது. நான்தானா என்று அதற்குச் சந்தேகம். மறுபடி முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்குச் சுருக்கென்றது. பிறகு தலையைத் தாழ்த்தி, என் காலை மோந்தது. வாலை ஆட்டிக்கொண்டு பாதத்தின் மேலேயே படுத்து, பெருவிரலைக் கடிக்க ஆரம்பித்தது. காலைக் கழுவச் சொல்லி அண்ணி சட்டம் போடவில்லை.