திருஷ்டி சாஸ்

பெரிய காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் போண்டா போடுகிறவர், நீளமாக வளர்த்த சுண்டுவிரல் நகத்தால்தான் தக்காளி சாஸை ருசி பார்ப்பார். சாஸ் நன்றாக இருந்ததால் அதையும் சகித்துக்கொண்டேன்.

ஓர் அமாவாசை மாலை, எங்கள் பட்டுக்கடைக்குத் திருஷ்டி சுற்றி, தெருவில் பூசணிக்காயை உடைத்தேன். சாணியில் சிதறிய துண்டுகளை அந்தப் போண்டாக்காரர் சாக்கில் பொறுக்கிப் போட்டார்.

“மாட்டுக்கா?” என்றேன்.

“சாஸுக்குபா. அமாவாசைக்கு அமாவாசை எடுத்துக்கினுதானே போறேன்.”

சாக்கைப் பிடித்து நிறுத்தினேன். “தக்காளின்னு சொன்னீங்களே! அப்போ அந்தச் செவப்பு?”

பூசணிக்குள் நான் அப்பியிருந்த குங்குமத்தை அதே நகத்தால் வழித்துக் காட்டினார். “நீங்கதான் தடவிக் குடுக்கறீங்களே.”

கடையை விட்டுத் தொலையட்டும் என்று கழித்த ஊர்க்கண் மொத்தத்தையும் நான்தான் போண்டாவுக்குத் தொட்டுக்கொண்டு தின்றிருக்கிறேன்.