ஜோடிக்கு எழுதிய ஒரு வரி

எங்கோ ஒரு ஸ்கேன் மையத்தில் நோயாளிகளின் படங்கள் மொத்தமும் மாயமாகிவிட்டனவாம். அலுவலகத்தில் காபி இயந்திரத்தின் முன் நின்றுகொண்டு கணக்குப் பிரிவுக்காரர் சொன்னார். அவருக்கு அவர் மைத்துனர் சொன்னது. மைத்துனருக்கு யார் சொன்னார்களோ.

"ஏதோ இலவச சாஃப்ட்வேராம். கம்ப்யூட்டர்ல இடம் நிறைஞ்சு போச்சுன்னு பழசை அழிச்சிருக்காங்க. வெளி டிஸ்க்ல இன்னொரு காப்பி இருக்குன்னு தைரியம். போய்ப் பார்த்தா அங்கயும் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு."

"ஓசியில வாங்கினா அப்படித்தான் சார்," என்றாள் கத்திரி. எல்லோரும் சிரித்தார்கள்.

கத்திரி என்பது பட்டப்பெயர். பகலில் ஒரு மருந்துக் கம்பெனியில் கடிதம் எழுதும் வேலை. மாலையில் சம்பளமில்லாத இன்னொரு வேலை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்தமூல மென்பொருள்களைப் பட்டியலிடும் தளம் ஒன்றில், எது என்ன செய்யும் என்று தமிழில் எழுதிப் போடுவாள். ஒன்றுக்கு ஒரு வரிதான். நீண்டால் திரையோரத்தில் அறுந்துவிடும். அதனால் சுருக்கி எழுதுவது அந்தக் கூட்டத்தில் பெரிய கௌரவம். "கத்திரிகிட்ட குடு, எலும்பு மட்டும் மிஞ்சும்" என்பார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

"அதுக்குப் பேர் என்ன சார்?" சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"ஜோடியோ என்னமோ சொன்னான்."

காபியை அப்படியே வைத்துவிட்டு இருக்கைக்கு வந்து தளத்தைத் திறந்தாள். 'ஜோடி: உங்கள் கோப்புகளை இரண்டு இடங்களில் பத்திரமாக வைத்திருக்கும்.' அவள் எழுதியதுதான். உருவாக்கியவர் தந்த விளக்கத்தில் இன்னும் பாதி இருந்தது: ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடத்திலும் அழியும். நீளம் என்று அதை அன்று வெட்டியிருந்தாள். 'பத்திரமாக' என்பது அங்கே இல்லவே இல்லை. வரி எடுப்பாக இருக்கட்டும் என்று அவளே சேர்த்தது. கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: ஒரு பக்கம் அழிச்சா இன்னொரு பக்கம் இருக்கும்தானே? இந்தக் கேள்வியை முன்பே பார்த்திருக்கிறாள். இதற்கெல்லாமா பதில் எழுதுவது என்று தாண்டிப் போயிருக்கிறாள்.

கடிகாரத்தைப் பார்த்தாள்; மத்தியானம் நெருங்கியிருந்தது. அவள் தம்பி ஒரு புற்றுநோய் மருத்துவமனையில், ஸ்கேன் அறைக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். நேற்றுச் சாப்பிடும்போது பேசினான்.

"அக்கா, நீ எழுதினியே ஜோடி, அதைத்தான் போட்டிருக்கேன். கம்ப்யூட்டர் மூச்சு முட்டுது. நாளைக்கு மத்தியானம் பழைய படத்தையெல்லாம் தூக்கிடப் போறேன்."

"தூக்குடா. இன்னொரு காப்பிதான் பத்திரமா இருக்கே. எதுக்கு இவ்வளவு யோசனை, பயந்தாங்கொள்ளி!"

தான் வெட்டிய பாதி அவளுக்கே மறந்துபோயிருந்தது. தன் வரியைத் தானே நம்பியிருந்தாள்.

பழைய படம் இருந்தால்தான் கட்டி வளர்ந்ததா, சுருங்கியதா என்று டாக்டரால் சொல்ல முடியும். அப்பாவின் நுரையீரல் படங்களும் அந்தக் குவியலில்தான் இருந்தன.

தம்பியை அழைத்தாள். மணி அடித்தது. ஸ்கேன் அறைக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். வாசல் அலமாரியில் போட்டுவிட்டுத்தான் போவான். மருத்துவமனை எண்ணை அழைத்தாள். வரிசையில் காத்திருக்கச் சொல்லி ஒரு பதிவுக் குரல் திரும்பத் திரும்ப நன்றி சொன்னது. துண்டித்துவிட்டு மறுபடி தம்பிக்கே போட்டாள்.

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வரியைத் திருத்தினாள். 'ஜோடி: கோப்புகளை இரண்டு இடங்களில் ஒரே மாதிரி வைக்கும்; ஓரிடத்தில் அழித்தால் இரண்டிலும் அழியும்.' சேமித்தாள். நீளம் தாங்காமல் திரையோரத்தில் அறுந்து நின்றது: 'ஓரிடத்தில் அழித்தால்...'

அவள் மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள், எச்சரிக்கையை முன்னால் வைத்து. அங்கே அலமாரிக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.